மிச்சம் வைத்த புல்

சோங்-கோல் ஏரியைச் சுற்றி மரமே கிடையாது. 3,000 மீட்டருக்கு மேலே கிடக்கும் அந்தச் சமவெளியில் புல்லுக்கு மட்டும்தான் இடம். கிர்கிஸ்தான் போய்வந்தவர்கள் ஏரியின் நீலத்தைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு முதலில் உறுத்தியது நிழல் இல்லாததுதான். காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவளுக்கு வயல் எவ்வளவு அகன்று கிடந்தாலும் வாய்க்கால் ஓரத்தில் ஒரு பூவரசாவது தெரிய வேண்டும். 3,446 மீட்டர் உயரத்துக் கல்மாக்-அஷூ கணவாயைத் தாண்டி ஜீப் இறங்கத் தொடங்கியபோது, கண்ணை ஊன்றிக்கொள்ள ஓரிடமும் இல்லாத அந்த வெளி என்னைக் கலங்கடித்தது. ஏரிக்கரைக்கு வந்து சேர்வதற்குள் அதுவே பிடித்துப்போய்விட்டது. ஆளில்லாத நிலம், எங்கே வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கலாம் என்று மனம் துள்ளியது.

இந்த நினைப்பில் கிர்கிஸ் எழுத்தாளர் ஐத்மாத்தவுக்கும் பங்கு உண்டு. சோவியத் பதிப்பகங்களின் மலிவுவிலைத் தமிழ்ப் புத்தகங்களில் ‘ஜமீலா’வைப் படித்தவர்களுக்குக் கிர்கிஸ் புல்வெளி என்றால் காற்று, குதிரை, பாட்டு. போர்க்காலத்துப் பெண்கள் வண்டி வண்டியாகத் தானியம் ஏற்றிப் போவதும் அதே கதையில்தான் வருகிறது. என்னிடம் தங்கியது காற்றுதான்.

தலைநகர் பிஷ்கேக்கில் மருத்துவம் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஏராளம். என் அக்கா மகனும் அவர்களில் ஒருவன். அவனுடைய ரஷ்ய மொழிதான் எங்களுக்குத் துணை. கூடாரத்துக்கு இடம் பார்த்தவர் ஓட்டுநர், அவரும் நகரத்துக்காரர். ஓடைக்கரையில் கணுக்கால் வரை புல் வளர்ந்த ஒரு திட்டு. சுற்றிலும் மற்ற இடங்களில் புல் மொட்டையாக மேயப்பட்டிருக்க, அங்கே மட்டும் மெத்தென்று கிடந்தது. முதல் முளையை அடிப்பதற்குள் தொலைவிலிருந்து குதிரை ஒன்று நேராக எங்களை நோக்கி ஓடிவந்தது.

அறுபதை ஒட்டிய பெண்மணி. தலையில் பூப்போட்ட துணி, காலில் ரப்பர் பூட்ஸ். குதிரையிலிருந்து இறங்கவில்லை. மேலிருந்தபடியே ஓட்டுநரைப் பிடித்து உலுக்குவதுபோலப் பேசினார். இவரும் விடவில்லை. கிர்கிஸ் மொழியில் தொடங்கிய சண்டை சூடேறியதும் ரஷ்ய மொழிக்குத் தாவியது. அக்கா மகன் காதில் விழுந்ததை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான்.

“நிலம் அரசாங்கத்தோடது, நீங்க யாரு தடுக்கன்னு கேக்குறார் சித்தி. நிலம் அரசாங்கத்தோடதுதான், புல்லுக்குப் பணம் கட்டினது நான்னு அந்தம்மா சொல்றாங்க.”

இரண்டுமே உண்மை. கிர்கிஸ்தானில் மேய்ச்சல் நிலம் முழுவதும் அரசின் சொத்து. 2009-இல் வந்த சட்டம் அதை நிர்வகிக்கும் பொறுப்பை உள்ளூர் மேய்ச்சல் குழுக்களிடம் கொடுத்தது. எத்தனை தலை கால்நடையோ அதற்கேற்பக் கட்டணம். எந்த மந்தை எங்கே, எப்போது ஏறலாம் என்பதைக் குழு முடிவு செய்யும் என்பது அதன் ஏற்பாடு. சோவியத் காலத்தில் கூட்டுப்பண்ணைகளின் ஆடுகள் இந்த மலைகளில் மேய்ந்தன. 1991-க்குப் பிறகு பண்ணைகள் கலைந்தன, மந்தைகள் கரைந்தன. லாரி வசதி போனதால் ஏழைக் குடும்பங்கள் தூரத்து மலைக்கு வர முடியாமல் ஊரை ஒட்டியே மேய்த்தன. மலைப்புல் தீண்டுவாரின்றிக் கிடக்க, ஊரோரப் புல் வேரோடு போனது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த சட்டம் இது.

அந்தப் பெண்மணியின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நாங்கள் முளை அடிக்க இருந்த திட்டில் மறுநாள் காலை குதிரைக்குட்டிகளைக் கட்டுவதாக இருந்தார்கள். தரையோடு தரையாக நீளமாகக் கயிறு இழுத்துக் குட்டிகளை வரிசையாகக் கட்டும் அந்த இடத்தை ‘ஜெலே’ என்கிறார்கள். ஒரே இடத்தில் இருந்தால் புல் மிதிபட்டுச் சேறாகிவிடும் என்று அவ்வப்போது மாற்றுவார்களாம். அதற்காகவே அந்தப் புல்லை ஆடு வாய்வைக்காமல் கோடை முழுக்கக் காப்பாற்றியிருந்தார்கள்.

இதைக் கேட்டதும் ஓட்டுநரின் குரல் தணிந்தது. நான் அந்தத் திட்டை மறுபடி பார்த்தேன். அந்தப் பெருவெளியில் தானாக வளர்ந்து கிடக்கிறது என்று நான் எண்ணிய ஒரே பச்சை, யாரோ நாள்தோறும் ஆட்டை விரட்டி விரட்டிக் காத்த பச்சை. அதற்குப் பிறகு எந்தச் சரிவைப் பார்த்தாலும் இதை யார் மேய்க்கிறார்கள், எதற்கு விட்டுவைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி வந்துகொண்டே இருந்தது.

பெண்மணி கூடாரத்தைத் தன் கம்பளி வீட்டுக்குப் பின்னால், காற்று மறைவில் அடிக்கச் சொன்னார். உள்ளே இரும்பு அடுப்பில் காய்ந்த சாணம் எரிந்தது. மரமில்லாத ஊரில் அதுதான் விறகு. வரட்டி அடுப்புப் புகையின் அதே வாசம். எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்ததுபோல் இருந்தது.

அவருடைய மருமகள் பால் கறக்கப் புறப்பட்டபோது நானும் கூடப் போனேன். குதிரையின் மடி சிறியது, நிறையத் தேக்கி வைக்காது. அதனால் பகல் முழுவதும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கறக்க வேண்டும். குட்டி பக்கத்தில் இல்லாவிட்டால் தாய் பால் சுரக்காது. ஒரு பையன் குட்டியை அவிழ்த்து வந்து ஊட்டவிட்டான். சுரந்ததும் இழுத்துப் பிடித்துக்கொண்டு தாயின் முகத்தருகே நிறுத்தினான். கன்றை ஊட்டவிட்டுக் கறக்கும் நம் வழக்கம்தான். ஆனால் கறக்கும் விதம் வேறு. அந்தப் பெண் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்ற முழங்காலின் மேல் வாளியை வைத்து, குதிரையின் பின்னங்காலைச் சுற்றிக் கையை விட்டுக் கறந்தாள். உதைத்தால் முகம் போய்விடும். ஒரு குதிரையிடம் கிடைத்தது சின்னச் செம்பு அளவுதான். அடுத்ததற்கு எழுந்தாள். குட்டிக் கயிற்றுக்கும் வீட்டுக்குமாக இப்படி எத்தனை நடை!

குதிரைப்பால் நம் தயிர்போல் கெட்டியாக உறையாது. புளிக்கவைத்து, மத்துப்போன்ற கட்டையால் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். அப்படி வருவதுதான் குமிஸ், லேசான மது. முதல் வாயில் புகைநாற்றமும் கூரிய புளிப்பும் அடித்தன, தொண்டை மறுத்தது. கறக்கும் கையைப் பார்த்துவிட்ட பிறகு கிண்ணத்தில் மிச்சம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது கிண்ணத்தில் அந்தப் புளிப்பு பழகிவிட்டது.

இரவு ஆலங்கட்டி மழை. விடிந்ததும் ஓட்டுநர் யாரும் சொல்லாமலேயே சம்மட்டியை வாங்கி ஜெலேயின் முளைகளை அந்தத் திட்டில் அறைந்துகொண்டிருந்தார். பெண்மணி பக்கத்தில் நின்று கோணல், கோணல் என்று திருத்திக்கொண்டிருந்தார்.

டீ குடிக்கும்போது என்னைக் கேட்டார், உங்கள் ஊரில் ஆடு எங்கே மேய்கிறது என்று. அறுவடைக்குப் பின் இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு எங்கள் வயல்களுக்கு வருவதையும், உரத்துக்காக அவர்களைக் கிடை போடச் சொல்லி நாங்கள் கூலி கொடுப்பதையும் சொன்னேன். ஆட்டுக்காரருக்கு நிலக்காரர் பணம் கொடுப்பதா என்று மருமகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லி வியந்தார். அறுவடை இல்லாத மாதங்களில்? அப்போது ஊர்ப் பொது மேய்ச்சல் புறம்போக்கில் மேயும் என்றேன். எங்கள் ஊரில் அது இப்போது கட்டடங்களாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது.

“யார் விட்டார்கள்?” என்றார்.

அக்கா மகன் மொழிபெயர்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். யாரும் குதிரையேறி வந்து சண்டை போடவில்லை என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு, அடுத்த முறை ஜூலையிலேயே வா, ஆகஸ்டு போனால் பால் வற்றத் தொடங்கிவிடும் என்று சொல்லிவிட்டு, ஆடு ஓடைப்பக்கம் சாய்கிறதென்று பையனைப் பார்த்துக் கத்திக்கொண்டே வெளியே போனார்.