காசில் உள்ள குறை யாருடையது?



சின்னாளப்பட்டி என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது சுங்குடிச் சேலையாகத்தான் இருக்கும். திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள இவ்வூரில் நான் சிறியதொரு மளிகைக் கடை நடத்தி வருகிறேன். கல்லாவில் விழும் நாணயங்களைப் புரட்டிப் பார்ப்பது அத்தா காலத்திலிருந்தே எனக்குள்ள பழக்கம். அப்பழக்கம் ஒருமுறை பயன்பட்ட விதத்தை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நெசவாளர் குடும்பத்துச் சகோதரி ஒருவர் ஒரு மாலை கடைக்கு வந்தார். "பாய், இந்தக் காசைக் கொஞ்சம் பாருங்கள்" என்று 5 ரூபாய் நாணயம் ஒன்றை நீட்டினார். எண் பொறித்த பக்கத்தில், சிங்க முத்திரை இடவலம் மாறி உள்ளழுந்திக் காணப்பட்டது. கைப்பேசியில் வந்த விளம்பரத்தை நம்பி அதன் படத்தை அனுப்பியிருக்கிறார். பேசியவர் 2 இலட்சம் தருவதாகக் கூறி, முதலில் பதிவுக் கட்டணம் 6,000 ரூபாய் அனுப்பச் சொல்லியிருக்கிறார். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காகச் சேர்த்து வைத்திருந்த பணம் அது. மறுநாள் காலையில் அனுப்பிவிடுவதாக இருந்தார்.

நாணயத்தில் குறை இருவகைப்படும். ஒன்று, அச்சிடும்போதே நேர்வது. மற்றொன்று, வெளியே வந்தபின் மனிதர் கையால் நேர்வது. முன்னதற்குச் சேகரிப்போரிடம் மதிப்புண்டு. பின்னது வெறும் சேதமே.

மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் நம் அரசின் நாணயச் சாலைகள் உள்ளன. உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி, விளிம்பை உயர்த்தி, மேலும் கீழுமாக உள்ள இரண்டு அச்சுகளுக்கிடையே வைத்து அழுத்துகிறார்கள். அச்சிட்ட காசு ஒன்று அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வில்லையில் அக்காசின் உருவம் இடவலம் மாறிக் குழிவாகப் பதியும். அந்தப் பக்கத்தில் வேறு உருவம் எதுவும் இராது. மறுபக்கமோ தெளிவாக இருக்கும்.

சகோதரி கொண்டுவந்த காசில் அவ்வாறில்லை. குழிந்த சிங்கங்களுக்கு அடியில் 5 என்னும் எண் நசுங்கிக் கிடந்தது. மறுபக்கமும் தட்டையாகியிருந்தது. இரண்டு காசுகளைச் சேர்த்துப் பட்டறை வைசில் வைத்து இறுக்கினால் இப்படித்தான் ஆகும். பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல் பக்கத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வேறு சில அடையாளங்களும் உண்டு. வில்லை வெட்டும்போதே ஓரம் குறைந்த காசில், அக்குறைக்கு நேர் எதிரேயுள்ள விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். கத்தரியால் வெட்டியதில் எதிர்விளிம்பு முழுமையாக இருக்கும். வெட்டிய இடம் கூர்மையாகக் கையைக் கீறும். அமிலத்தில் இட்டும் அரத்தால் தேய்த்தும் மெலியச் செய்த காசைத் தராசு காட்டிக் கொடுக்கும். 1992 முதல் வந்த செம்பு நிக்கல் 5 ரூபாயின் எடை 9 கிராம். நகைக்கடைத் தராசில் நிறுத்தால் உண்மை விளங்கிவிடும்.

இதையெல்லாம் நான் எளிதில் கற்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், ஓரம் வெட்டுண்ட காசு ஒன்றை 1,500 ரூபாய் கொடுத்து வாங்கி ஏமாந்தவன் நான். பின்னர் ஒருவர் அதை 2,000 ரூபாய்க்குக் கேட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. குறையை மறைத்து விற்ற பணத்தில் என் பிள்ளைகளுக்கு எப்படிச் சோறு போடுவேன்? மறுநாள் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் வாங்கவில்லை. அக்காசு இன்றும் என் கல்லாவின் மூலையில் கிடக்கிறது.

அதை எடுத்துச் சகோதரியின் காசுக்கு அருகில் வைத்து விளக்கினேன். பழைய காசு, நோட்டு வாங்குவதாகக் கூறிக் கட்டணம் கேட்போரிடம் எச்சரிக்கையாக இருக்குமாறு ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்திருந்ததையும் கூறினேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் இது வெறும் ஐந்து ரூபாய்தானா, பாய்?" என்றார். உருச்சிதைத்த காசு சட்டப்படி செல்லாது. அந்த ஐந்து ரூபாய்கூட இல்லை என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. ஆயினும் சொன்னேன்.

சற்று நேரம் பேசாமல் நின்றவர், "ஆறாயிரம் மிஞ்சியதே" என்று கூறிவிட்டுச் சென்றார். அவர் மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

வாசகர்களே, உங்கள் கைக்கும் இத்தகைய காசு வரலாம். அச்சில் நேர்ந்த குறையா, மனிதர் செய்த குறையா என்று முதலில் பாருங்கள். வாங்குவதற்கு முன்னால் உங்களிடமே பணம் கேட்பவர் எவராயினும், அவர் நாடுவது உங்கள் காசையன்று; உங்கள் சேமிப்பையே.