மூன்று பிளான்களில் ஒன்று

புற்றுநோய்க்காகச் சிறுநீர்ப்பைக்குக் கதிர் கொடுக்கும் வேலையில் என்னை அதிகம் படுத்துவது சிறுநீர்தான். மூளை கபாலத்துக்குள் அடங்கிக் கிடக்கும். புரோஸ்டேட்கூட ஓரளவு சொன்ன பேச்சைக் கேட்கும். இந்தப் பை நேற்று இருந்த அளவில் இன்று இருக்காது. கழிப்பறைக்குப் போய்வந்த கையோடு படுக்க வைத்தாலும் சிலருக்கு உள்ளே பாதி தங்கியிருக்கும்.

கதிர் எங்கே, எவ்வளவு விழ வேண்டும் என்று வகுக்கும் பிளான் முன்பெல்லாம் சிகிச்சை முழுக்க ஒன்றேதான். தப்பிவிடக் கூடாதே என்று பையைச் சுற்றி ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தாராளமாக விட்டுக் கதிர் கொடுப்போம். பை சுருங்கிய நாளில் அந்த இடத்தில் சிறுகுடல் இறங்கி உட்கார்ந்து வேண்டாத கதிரை வாங்கிக்கொள்ளும், பிறகு வயிற்றுப்போக்கு. பை உப்பிய நாளிலோ அத்தனை தாராளமும் போதாது.

இப்போது பிரிட்டனில் நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒருவருக்குச் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று பிளான். சிறுநீர் கழித்ததும் ஒரு சி.டி., அரை மணி நேரம் கழித்து இன்னொன்று. பை எவ்வளவு வேகமாக நிரம்பும் ஆள் இவர் என்பது அதில் தெரிந்துவிடும். சிகிச்சைக்கு வரும்போதெல்லாம் கதிர் கொடுக்கும் இயந்திரமான லினாக்கிலேயே கோன் பீம் சி.டி. எடுத்து, அன்றைக்கு எந்தப் பிளான் என்று கன்சோலில் இருக்கும் ரேடியோகிராபர்கள் நாங்களே முடிவு செய்கிறோம்.

படத்தில் பை சின்னப் பிளானின் கோட்டுக்குள் கச்சிதமாக அடங்கியிருக்கும். கை அதை நோக்கித்தான் போகும். ஆனால் படம் எடுத்ததிலிருந்து கதிர் போய் முடிய சில நிமிடங்கள் ஆகும். சிறுநீரகம் அதுவரை காத்திருக்காது. கீழே இடுப்புத் தளம் பிடித்துக்கொண்டிருப்பதால் பை பெரும்பாலும் மேலேயும் முன்னேயும்தான் வளரும். அதனால் பக்கவாட்டுத் தோற்றத்தில் அதன் உச்சியைத்தான் முதலில் பார்ப்பேன். அங்கே கோட்டுக்கும் பைக்கும் நூலளவு இடைவெளிதான் என்றால் நடுத்தரம். நீர் மாத்திரை சாப்பிடுகிறவரா, வரும் வழியில் டீ குடித்தாரா என்று கேட்பதும் இந்தக் கணக்கில் சேர்த்தி. மலக்குடலில் வாயு நிறைந்து பையைத் தள்ளியிருந்தால் எந்தப் பிளானும் பொருந்தாமல் போகலாம். அப்போது எழுப்பிக் கழிப்பறைக்கு அனுப்ப வேண்டியதுதான். வாயுவைப் பற்றி இத்தனை கூச்சமில்லாமல் பேசும் உத்தியோகம் வேறு உண்டா என்ன!

இந்த முறையைச் சோதித்த 'ஹைப்ரிட்' ஆய்வு, அறுவை சிகிச்சையையும் தினசரிக் கதிர்வீச்சையும் தாங்க முடியாதவர்களுக்கானது. வாரம் ஒருமுறை 6 கிரே (கதிர் அளவின் அலகு), ஆறு வாரம், மொத்தம் 36 கிரே. ஒரு நாள் தேர்வு பிசகினால் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு பிசகிவிடும். 64 கிரேயை 32 தடவையாகக் கொடுக்கும்போது இருக்கும் ஆறுதல் இங்கே கிடையாது.

எத்தோஸ், யூனிட்டி போன்ற இயந்திரங்களில் அன்றைய படத்தை வைத்துப் பிளானையே புதிதாகப் போடலாம். யூனிட்டியின் எம்.ஆர். படத்தில் பைச்சுவர் தெளிவாகத் தெரிவது பெரிய சுகம். ஆனால் வரைந்து, கணக்கிட்டு, சரிபார்ப்பதற்குள் பை இன்னும் நிரம்பியிருக்கும். மறுபடி படம் எடுக்காமல் தீராது. சாதாரண லினாக்கும் மூன்று பிளானும் பழகிய கண்களும் இருந்தால் பெரும்பாலானோருக்குப் போதும் என்பது என் கட்சி.

அன்றைய படத்தை எங்களில் இருவர் பார்த்து ஒரே பிளானைச் சொல்ல வேண்டும். ஒருவர் சிறிது, மற்றவர் நடுத்தரம் என்றால் வாதாட நேரமில்லை, உள்ளே பை நிரம்பிக்கொண்டிருக்கிறது. இரண்டில் பெரியதை எடுத்துக்கொண்டு, சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம்.