கையுறை போட்ட கை எங்கெல்லாம் போனது?

விதி தெரியாததால் ஒரு முதியோர் இல்லத்தில் நோய் பரவுவதை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். வேலைக்கு நடுவில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள், அங்கேதான் பரவுகிறது. ஒரு பாட்டிக்குப் பேடு மாற்றிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையில் மணி அடிக்கும். போட்ட கையுறையோடு கதவைத் திறந்து, தலையை மட்டும் நீட்டி, "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்புவார் அந்தப் பணியாளர். அவ்வளவுதான். அடுத்த அரைமணி நேரத்தில் அந்தக் கைப்பிடியை எத்தனை பேர் தொடுவார்கள்!

இங்கிலாந்தில் இப்படிப்பட்ட இல்லங்களின் ஊழியர்களுக்குத் தொற்றுத் தடுப்புப் பயிற்சி தருவது என் வேலை. புதிதாகச் சேர்பவர்களுக்கு 2015இலிருந்து 'கேர் சர்ட்டிஃபிகேட்' என்ற அடிப்படைப் பயிற்சி இருக்கிறது; தொற்றுத் தடுப்பு அதில் 15ஆவது பாடம். பெரும்பாலோர் அதைக் கணினியில் படம் படமாகத் தள்ளிவிட்டு, கடைசிக் கேள்விகளுக்குச் சரியாகவே டிக் அடித்துவிடுகிறார்கள். சோப்புப் போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் ஜெல் என்றால் 20 முதல் 30 விநாடி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். 2022இல் பராமரிப்புப் பணிக்கு விசா திறந்த பிறகு வந்தவர்களில் ஊரில் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்த நர்ஸ்களும் உண்டு. அவர்களை உட்காரவைத்து 'கிருமி என்றால் என்ன' என்று ஆரம்பித்தால் அவர்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாது. அதனால்தான் விளையாட்டுக்கு வந்தேன்.

புற ஊதா விளக்கில் ஒளிரும் பொடியும் களிம்பும் இந்தத் தொழிலில் எல்லோரும் பயன்படுத்துவதுதான். கையில் பூசி, கழுவச் சொல்லி, விளக்கடித்துப் பார்ப்பது வழக்கம். கட்டைவிரலும் விரல்நுனிகளும் விடுபட்டிருக்கும், 1978இலேயே எல். ஜே. டெய்லர் என்ற ஆய்வாளர் சாயத்தை வைத்துச் சோதித்துக் காட்டிய இடங்கள்தான் அவை. எனக்கு அது போதவில்லை. நான் யார் கையிலும் பூசுவதில்லை. பயிற்சி தொடங்குமுன் மேனேஜரிடம் சொல்லிவிட்டு, ஓய்வறையில் டி.வி. ரிமோட்டில் மட்டும் கொஞ்சம் தடவிவைப்பேன். பிறகு டீ, பிஸ்கட், அரட்டை. கொஞ்ச நேரம் கழித்துத் திரைச்சீலையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டால் பிஸ்கட் டப்பாவின் மூடி, ஸ்விட்ச், ஒருவரின் மூக்குக் கண்ணாடி, இன்னொருவரின் காது மடல் என எல்லாம் மின்னும். கூச்சலும் சிரிப்புமாக இருக்கும். பொடி கிருமியல்ல, கிருமி இதே கணக்கில் பரவும் என்று இது நிரூபிக்கவும் இல்லை, அதையும் சொல்லிவிடுவேன். கை எங்கெல்லாம் போனது என்ற ஒன்றை மட்டும் அது காட்டும். அடுத்த சுற்றில் இரண்டு பேருக்குக் கையுறை மாட்டிவிடுவேன். பொடி அதே அளவுக்குப் பரவியிருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடும். கையுறை போட்டவரைத்தான் காக்கும், அவர் தொடுகிற பொருளைக் காக்காது. அதை மாட்டிக்கொண்ட தைரியத்தில் கை கழுவுவதே குறைந்துபோகிறது. லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் 2018இல் தேவையில்லாத கையுறையைக் கழற்றச் சொல்லி ஓர் இயக்கமே நடந்தது.

கடிகாரம் வைத்து, யார் முதலில் ஏப்ரனையும் கையுறையையும் கழற்றுவது என்று போட்டி நடத்தும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அறவே பிடிக்காது. நிதானமாகச் செய்யவேண்டிய ஒரே வேலையில் அவசரத்துக்குப் பரிசு கொடுப்பதா? பூட்டுத் திறந்து வெளியேறும் 'எஸ்கேப் ரூம்' வகையறாவும் அப்படித்தான். ஜாலியாக இருக்கும், மறுநாள் கேட்டால் பூட்டின் எண்தான் நினைவிருக்கும்.

என் பையில் இருப்பது ஒரு சீட்டுக்கட்டு. முதலில் கையுறை, பிறகு ஏப்ரன், கண் கவசம், கடைசியில் மாஸ்க், முடிவில் கை கழுவுதல் என்று கழற்றும் வரிசையை ஒருவர் நிஜமாகவே செய்துகாட்ட வேண்டும். நடுவில் பக்கத்தில் இருப்பவர் ஒரு குறுக்கீட்டுச் சீட்டை வீசுவார். 'போன் அடிக்கிறது.' 'மகள் பார்க்க வந்திருக்கிறார், கை குலுக்க நீட்டுகிறார்.' 'அடுத்த கட்டிலில் இருப்பவர் தானாக எழுந்து நடக்கிறார்.'

இந்தக் கடைசிச் சீட்டு வந்தபோது நாகர்கோவில் பெண் ஒருத்தி சீட்டைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்: "அக்கா, தாத்தா விழப் போறாரு. நான் நின்னு கிளவுஸ் கழற்றிட்டு இருக்கணுமா?"

"வேண்டாம்மா, ஓடு. பிடிச்சு உட்கார வச்சாச்சு. இப்போ சொல்லு, எதையெல்லாம் தொட்டிருக்கே?"

அவள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் சேர்த்துக்கொண்டே போனார்கள்: அவர் சட்டைக் கை, நாற்காலியின் பிடி, அவருடைய வாக்கர். வாக்கரை மறந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொடுத்தது துப்புரவுப் பணியாளர். பயிற்சிக்கு அவர்களையும் சலவை அறைக்காரர்களையும் கூப்பிடாத இல்லங்களில் நான் வகுப்பையே தொடங்குவதில்லை. கழிவறைக்குச் சிவப்பு, பொது இடத்துக்கு நீலம், சமையலறைக்குப் பச்சை, தனிமை அறைக்கு மஞ்சள் என்று துடைப்பத்தின் நிறத்தை வைத்தே இல்லத்தில் தொற்று எங்கே என்று சொல்லிவிடுவார்கள். எந்தத் தொற்றுத் துணி அதற்கான சிவப்புப் பையில் வராமல் சும்மா மூட்டையாக வருகிறது, எந்த ஷிப்டில் வருகிறது என்பதெல்லாம் சலவை அறைக்கு அத்துப்படி.

குளிர்காலத்துக்கென்று, வாந்தியும் பேதியும் தரும் நோரோவைரஸ் பற்றி ஒரு சுற்று வைத்திருக்கிறேன். ஒரே வராந்தாவில் இரண்டு பேருக்கு வாந்தி. கையில் இருக்கும் சீட்டுகளில் எதை முதலில் இறக்குவது? ஏறக்குறைய எல்லோரும் ஜெல் பாட்டிலை இறக்குவார்கள். நோரோவைரஸுக்கு ஜெல்லை நம்ப முடியாது, சோப்பும் தண்ணீரும்தான். அங்கேயே பெரும்பாலோர் தோற்பார்கள். சாப்பாட்டு அறையை மூடி எல்லோரையும் அறையிலேயே வைப்பது என்று சிலர் பாய்வார்கள். அப்போது வாக்குவாதம் மூளும். இது மருத்துவமனை இல்லையே. அவர்களுக்கு இதுதான் வீடு. மறதி நோய் உள்ளவரிடம் கதவை மூடிக்கொண்டு இருங்கள் என்றால் எத்தனை நிமிடம் இருப்பார்? இந்தச் சண்டைக்கு நான் தீர்ப்புச் சொல்வதில்லை, நீளட்டும் என்று விட்டுவிடுவேன்.

சீட்டுக்கட்டில் இன்னொரு சீட்டு இருக்கிறது: 'உங்களுக்கே காலையிலிருந்து வயிறு சரியில்லை.' சரியான பதில் வீட்டுக்குப் போவது. வாந்தியோ பேதியோ நின்று 48 மணி நேரம் ஆகும்வரை வேலைக்கு வரக்கூடாது. எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சீட்டு விழுந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நோய்க்கால ஊதியம் சொற்பம், வாடகை நாள் வருகிறது, ஷிப்டில் ஆள் குறைவு. ஒரு முறை நைஜீரியாவிலிருந்து வந்தவர் சீட்டை மேனேஜர் பக்கம் தள்ளி, "இதை நீங்கள் விளையாடுங்கள்" என்றார். மேனேஜர் ஷிப்ட் பட்டியலை எடுத்துவந்து மேசையில் விரித்தார். அதற்குப் பிறகு அரைமணி நேரம் நடந்தது விளையாட்டு இல்லை: இரவில் யாரைக் கூப்பிடலாம், ஏஜென்சி எண் எங்கே ஒட்டியிருக்கிறது, நோய் விடுப்பின் முதல் நாள் சம்பளத்துக்கு என்ன வழி.

இப்போதெல்லாம் மேனேஜர் அறையில் இல்லையென்றால் விளையாட்டைத் தொடங்குமுன் அந்தச் சீட்டைச் சீட்டுக்கட்டிலிருந்து எடுத்து வைத்துவிடுகிறேன்.