ஏன் ஓடுறாய் எண்டு கேட்டால்

விடிய ஐந்து மணிக்குக் கொஞ்சம் முந்தி எங்கட ஃபிளாட்ஸ் கேற்றைத் திறக்கும்போது காவலுக்கு இருக்கிற ஐயா ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "இண்டைக்கும் ஓட்டமோ பிள்ளை?" ஒன்றரை வருஷமாகக் கேட்கிறார். நானும் ஒன்றரை வருஷமாக "ஓம் ஐயா" எண்டுதான் சொல்லுறன். வெள்ளவத்தையில் ஓடுகிற ஒரு பெண் பிள்ளையிடம் கேட்கப்படுகிற கேள்விகளில் ஆகச் சுகமானது இதுதான். மற்றது, "ஏன்?"

காலி வீதியிலிருந்து எந்த ஒழுங்கையால் கீழே இறங்கினாலும் கடைசியில் மரைன் டிரைவ் வரும். அதற்கங்கால் ரயில் பாதை, பாறைகள், பிறகு கடல். வடக்குப் பக்கம் திரும்பி, கால்வாயைத் தாண்டி, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி எண்டு போய் காலிமுகத்திடலைத் தொட்டுத் திரும்பினால் எனக்குக் கிட்டத்தட்ட 12 கிலோமீற்றர் வரும். அதை ஞாயிற்றுக்கிழமையில் மட்டும்தான் செய்வன். மற்ற நாட்களில் ஐந்தோ ஆறோ.

அந்த நேரத்தில் மரைன் டிரைவ் ஓய்வுபெற்ற அங்கிள்மாரின் ராச்சியம். வெள்ளை ரீசேட், வெள்ளைச் சப்பாத்து, மூன்று பேராகச் சேர்ந்து றோட்டை அடைத்துக்கொண்டு நடப்பார்கள். ஒருவருக்கு ரொறன்ரோவில் இருக்கிற மகன், மற்றவருக்கு ஃபிளாட் விலை, மூன்றாமவருக்குக் கொலஸ்ரோல். அவர்களைத் தாண்டிப் போகும்போது பேச்சு ஒரு செக்கன் நிற்கும். பிறகு, "இது ஆற்ற பிள்ளை?" நான் அடுத்த ஒழுங்கை வாசலுக்குப் போய்ச் சேர முதல் என்ட பரம்பரை முழுதும் அலசி முடிந்திருக்கும்.

இந்த "ஏன்" எண்ட கேள்விக்கு ஊரில் மூன்று விடைகளுக்குத்தான் அனுமதி. மெலியிறதுக்கு. வருத்தம் வராமல் இருக்கிறதுக்கு. டொக்ரர் சொன்னவர். இதில் எதைச் சொன்னாலும் அன்ரிமார் தலையாட்டுவார்கள். முதலாவதைச் சொன்னால் சந்தோஷமே படுவார்கள், "ஓமோம், முகம் வத்தியிருக்கு, நல்லது, இனிப் பாக்கத் தொடங்கலாம்" எண்டு. என்னத்தைப் பார்க்கத் தொடங்கலாம் எண்டது உங்களுக்கும் விளங்கும். ஒரு நாள் மட்டும், கோயில் வாசலில் வைத்து, "விருப்பம் அன்ரி, ஓட விருப்பம்" எண்டு உண்மையைச் சொல்லிப் பார்த்தன். அவ என்னை ஏதோ பரிதாபமாகப் பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பி, "கம்பஸில ஏதும் பிரச்சினையோ?" எண்டு கேட்டா.

இது வெள்ளவத்தைக்கு மட்டும் உரிய வியாதி இல்லை. 1928இல் அம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதல் தடவையாக 800 மீற்றர் வைத்தார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்துப்போய் இருந்ததைப் பார்த்த பத்திரிகைகள், பெண் உடம்பு இதைத் தாங்காது எண்டு எழுதித் தள்ளின. அந்தப் போட்டியையே தூக்கிவிட்டார்கள். திரும்ப வந்தது 1960இல். 32 வருஷம். ஆண்கள் ஓடி முடித்து விழுந்தால் அது வீரம். 1967இல் பொஸ்ரன் மரதனில் கத்ரின் ஸ்விட்சர் இலக்கம் குத்திக்கொண்டு ஓடினபோது ஏற்பாட்டாளர் ஒருவர் நடுவழியில் பாய்ந்து அந்த இலக்கத்தைப் பிய்க்கப் பார்த்தார். அந்தப் படம் உலகம் முழுதும் போனது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மரதன் வந்தது 1984இல்தான், லொஸ் ஏஞ்சலிஸில். ஜோன் பெனோய்ட் 2 மணித்தியாலம் 24 நிமிஷத்தில் ஓடி முடித்தார். என்ட அம்மா பிறந்து பல வருஷத்துக்குப் பிறகு நடந்த விஷயம் இது, பழங்காலக் கதை இல்லை.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம் காலிமுகத்திடலில் இருக்கிறது. அங்கே ஒரு பழைய கல்வெட்டு நிற்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் அந்த நடைபாதையைத் தொடங்கி 1859இல் முடித்தாராம், கொழும்புப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக அதைப் பேணும்படி தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்குப் பரிந்துரைக்கிறாராம். அவர் மனதில் இருந்தது குடை பிடித்த வெள்ளைக்காரத் துரைசானிமார்தான் எண்டு எனக்கும் தெரியும். எண்டாலும் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்த் திரும்பும்போது, மோட்டார் சைக்கிளில் போகிறவன் ஏதும் கத்திவிட்டுப் போனால், மனதுக்குள் நினைத்துக்கொள்வன்: தம்பி, 1859இலேயே இது எங்களுக்கு எழுதித் தந்தது.

சரி, அன்ரிமாரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. நான் ஓடத் தொடங்கினது விருப்பத்தில் இல்லை, பயத்தில். அம்மாவுக்குச் சீனி வருத்தம். அம்மம்மாவுக்கும் இருந்தது, கடைசியில் கால் விரல் இரண்டு எடுத்தவை. இரண்டாம் வருஷம் படிக்கும்போது அம்மாவின் ரிப்போட் ஒன்று மோசமாக வந்தது. அன்றிரவே நான் யூடியூப்பில் உட்கார்ந்து ஆரோக்கிய வாழ்வு நிபுணி ஆகிவிட்டன். அடுத்த கிழமை வீட்டில் சட்டம் போட்டாச்சு. இரவில் சோறு இல்லை. இடியப்பம் மூன்றுக்கு மேல் இல்லை. தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. அம்மா கட்டாயம் நடக்க வேண்டும்.

அம்மா காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் வேலை. காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஏழரை. இருக்கக் கதிரை இல்லை. வந்து சமையல். அப்படி நாள் முழுக்க நிண்டுட்டு வாற ஆளிட்டப் போய், உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 நிமிஷம் நடக்கச் சொல்லுது எண்டு நான் ஃபோனைக் காட்டியிருக்கிறன். அவ ஒன்றும் சொல்லவில்லை. காலைச் சுடுதண்ணிக்குள் வைத்துக்கொண்டு, "சரி பாப்பம்" எண்டு மட்டும் சொன்னா. எனக்கு அது சோம்பலாகத் தெரிந்தது. இப்ப நினைக்க வெட்கமாக இருக்கு.

2023 நவம்பரில் முல்லைத்தீவிலிருந்து போன அகிலத்திருநாயகி அம்மா, 72 வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் இரண்டு தங்கம் எடுத்தார், 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேக நடையிலும். எங்கட எல்லா வட்ஸ்அப் குழுவிலும் அந்தப் படம் சுற்றியது. நான் அதையும் விடவில்லை. அம்மாவுக்கு அனுப்பி, "பாத்தீங்களா, 72" எண்டு எழுதினன். எங்கட சொந்தக்காரர் குழுவில் எல்லாரும் கேட்டது அவர் என்ன சாப்பிடுகிறவர் எண்டு. குரக்கனா, ஒடியல் கூழா? ஓடுறது அவருக்கு எப்படி இருக்கும், அந்தக் கடைசி 100 மீற்றரில் என்ன நினைத்திருப்பார் எண்டு ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான். அந்த மனுசியின் வெற்றியை ஒரு தடியாக்கி அம்மாவை அடித்தன், அவ்வளவுதான்.

இதற்கிடையில் நான் என்ட முதல் போட்டிக்குப் பேர் குடுத்தன். ஒரு தொண்டு வேலைக்காகக் காசு சேர்க்கிற 10 கிலோமீற்றர் ஓட்டம். இலக்கு, ஒரு மணித்தியாலம் 10 நிமிஷம். குளிர் நாட்டுக்காரன் ஒருவன் போட்ட பயிற்சி அட்டவணையை அப்படியே எடுத்து, அவன் சொன்ன வேகத்தில் இங்கே ஓடிப் பழகினன். கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர வைக்காது, சும்மா ஒழுகும். அதே வேகத்துக்கு இதயம் இங்கே கூட வேலை செய்ய வேண்டும். இதெல்லாம் பிறகு படித்தது. அப்ப எனக்கு விளங்கினது, நான் இன்னும் மெலியவில்லை எண்டது மட்டும்தான். போட்டிக்கு முதல்நாள் இரவு ஒரு அப்பிளும் பிளேன் டீயும். காலையில் ஒன்றுமில்லை.

ஏழாவது கிலோமீற்றர் வரைக்கும் நன்றாகத்தான் போனது. எட்டாவதில் றோட்டின் வெள்ளைக் கோடு இரண்டாகத் தெரிந்தது. காது அடைத்தது. குளிரவும் தொடங்கியது, அந்த வெயிலில். நடைபாதைக் கல்லில் இருந்துவிட்டன். பின்னால் வந்த ஒரு வயதான சிங்கள அங்கிள், அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும், நின்று, இடுப்புப் பையிலிருந்து ஜீவனி கரைத்த போத்தலையும் இரண்டு பிஸ்கட்டையும் எடுத்துத் தந்தார். சாப்பிட்டியா எண்டு கேட்டார். இல்லை எண்டன். தலையில் கை வைத்தார். பிறகு, "ஹெமின் யமு துவே," மெதுவாகப் போவம் மகள் எண்டு சொல்லி, தன்னுடைய நேரத்தையும் விட்டுவிட்டு என்னோடு நடந்தார். அவருடைய பேர் கேட்கவும் மறந்துபோனன். கடைசி அரைக் கிலோமீற்றரை இரண்டு பேரும் மெல்ல ஓடினோம். எனக்கு ஒரு மணித்தியாலம் 21 நிமிஷம். எங்கட மலையகத்துக் குமார் சண்முகேஸ்வரன் இதே தூரத்தை ஏறக்குறைய அரை மணித்தியாலத்தில் ஓடுகிறவர் எண்டதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தன். முகம் காட்டிக் குடுத்திட்டுது. அவ ஏசவில்லை. சோறும் பருப்பும் முருங்கையிலைச் சுண்டலும் போட்டுத் தந்து, நான் சாப்பிட்டு முடியும்வரை முன்னுக்கு இருந்துவிட்டு, "எனக்குச் சீனி எண்டு நீ ஏன் பட்டினி கிடக்கிறாய்?" எண்டு கேட்டா.

ஒரு வசனம்தான். ஆனால் ஒன்றரை வருஷமாக நான் செய்துகொண்டிருந்தது என்ன எண்டு அப்பதான் எனக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகு நிறைய மாற்றினன். ஓட முதல் ஒரு வாழைப்பழம். இரவில் சோறு. ஓடும்போது பக்கத்தில் ஆள் வந்தால் முழு வசனமாகக் கதைக்க முடிய வேண்டும், முடியாவிட்டால் வேகம் கூட. அப்படி மெதுவாக ஓடத் தொடங்கின பிறகுதான் எனக்கு ஓட்டம் பிடிக்கத் தொடங்கியது எண்டால் நம்புவீங்களா? அதுவரை நான் கடலையே பார்த்ததில்லை, கையிலிருந்த மணிக்கூட்டைத்தான் பார்த்தன். பாணந்துறைப் பக்கத்திலிருந்து வருகிற முதல் ரயில்கள், கதவில் தொங்குகிற அலுவலகக்காரர், ஸ்ரேஷனுக்குக் கிட்ட ரயில் மெதுவாகும்போது பத்து செக்கனுக்கு நான் அதை முந்துகிற சந்தோஷம், இதெல்லாம் பிறகு வந்தது.

இதையும் சொல்ல வேண்டும், மரைன் டிரைவ் எல்லாருக்கும் இல்லை. போன வருஷம் சித்தப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு கிழமை கொட்டாஞ்சேனையில் சித்தி வீட்டில் நின்றன். அங்கே விடிய நாலரைக்கே துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லொறிகள் தொடங்கிவிடும். நடைபாதையில் கடைச் சாமான். ஜம்பட்டா வீதியில் ஓடுறது எண்டால் ஓட்டோவுக்கு, நாய்க்கு, பூக்கடைத் தண்ணிக்கு எல்லாம் விலத்த வேண்டும். கடைசியில் விவேகானந்தா மேட்டில் ஏறி இறங்கினன், ஏற்றப் பயிற்சி எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு. வெறுங்காலோடு ஒரு பொடியன் பின்னாலேயே ஓடி வந்தான். மூன்றாவது தடவை ஏறும்போது கேட்டான், "அக்கா, யாரு உங்கள துரத்துறாங்க?"

இத்தனைக்கும் அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில்தான் சுகததாச விளையாட்டரங்கு. 1991இலும் 2006இலும் தெற்காசிய விளையாட்டு விழா நடந்த இடம். நாட்டின் பெயர்போன ஓடுதளம் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளின் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவர்கள் மதிலைத்தான் பார்க்கிறார்கள். சித்தியிடம் நடக்கச் சொல்லி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்கே நடக்கச் சொல்ல?

அம்மாவுக்கும் இப்ப நான் ஒன்றும் சொல்லுறதில்லை. தசை வேலை செய்யும்போது இன்சுலின் குறைவாக இருந்தாலும் இரத்தத்திலிருக்கிற சீனியை அது இழுத்துக்கொள்ளும், அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷ நடையும் வீண் இல்லை எண்டு ஒரு நாள் கதையோடு கதையாகச் சொன்னதோடு சரி. இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிட்டுக் கோப்பை கழுவிவிட்டு, "கடற்கரைப் பக்கம் ஒருக்காப் போட்டு வருவமோ?" எண்டு அவவே கேட்டா. சீலைக்கு மேல் வீட்டுச் சால்வை, காலில் பாட்டா. நான் சப்பாத்துப் போடவில்லை, மணிக்கூட்டையும் வீட்டில் வைத்துவிட்டன்.

ஒழுங்கை முடிவில் அதே அன்ரி எதிரில் வந்தா. "என்ன, அம்மாவும் தொடங்கியாச்சோ? டொக்ரர் சொன்னவரோ?"

அம்மா கொஞ்சம் யோசித்தா. பிறகு, "இல்லை," எண்டா, "சும்மா."