வண்ணம் காப்போம்

பச்சை இலையிலே பொன்னைத் தெளித்தாற்போல் நிற்கும் செடிகளைக் கண்டு மகிழாதார் யார்? எங்கள் விடுதித் தாழ்வாரத்தில் மணி பிளாண்ட், குரோட்டன்ஸ், மஞ்சள் கரை போட்ட மருள் என்று தொட்டிகள் வரிசையாய் நிற்கின்றன. அவற்றைப் பேணும் பொறுப்பு ஒன்பதாம் வகுப்பு மாணவியராகிய எங்களுடையது.

தோழியரே, வண்ண இலையின் வெளுத்த பகுதியில் பச்சையம் இல்லை, அல்லது மிகக் குறைவு. பக்கத்திலுள்ள பச்சைப் பகுதியே அதற்கும் சேர்த்து உணவு சமைக்கிறது. ஆகவே இருட்டு மூலையில் வைத்த மணி பிளாண்ட்டில் புதிய இலைகள் பச்சையாகவே வரும். நல்ல வெளிச்சத்துக்கு மாற்றினால், இனி விரியும் இலைகளில் வண்ணம் திரும்பக்கூடும். பச்சையாகிப்போன இலை மட்டும் அப்படியேதான் இருக்கும். ஆனால் உச்சி வெயில் பட்டால் வெளுத்த பகுதி கருகிவிடும். சன்னலோரமே ஏற்ற இடம். குரோட்டன்ஸுக்கோ வெயில் வேண்டும். நிழலில் அதன் நிறம் மங்கும். மருளின் இலையைத் துண்டாக்கி நட்டால் புதுக் கன்றில் மஞ்சள் கரை வராது. கிழங்கோடு பிரித்தே நடவேண்டும்.

இவையெல்லாம் எளிதாகவே இருந்தன. சென்ற ஆண்டு பள்ளி முடித்த அக்காமார் பிரிவு நாளில் தந்துபோன மணி பிளாண்ட்தான் எங்களைச் சோதித்தது. வெளிச்சத்தில் இருந்தும் அதில் ஒரு கிளை முழுப் பச்சையாய்க் கிளம்பியது. சிஸ்டர் அதை வெட்டச் சொன்னார்கள். "நன்றாக வளர்வதையா வெட்டுவது?" என்று எங்களில் பாதிப் பேர் இரண்டு நாள் வாதாடினோம். சிஸ்டர் கோபிக்கவில்லை; இலைகளை எண்ணிப் பார்க்கச் சொன்னார்கள். வண்ணக் கிளையில் மூன்று இலை விரிவதற்குள் பச்சைக் கிளையில் ஏழு இலை! பச்சையம் மிகுந்த கிளை உணவையும் மிகுதியாகச் சமைத்து விரைந்து வளர்கிறது. விட்டுவிட்டால் நாளடைவில் கொடி முழுவதையும் அதுவே மூடிவிடும் என்று விளக்கினார்கள். வண்ண இலை உள்ள கணுவுக்குச் சற்று மேலே அதை நறுக்கினோம்.

நறுக்கிய கிளையை எறிய எங்களுக்கு மனம் வரவில்லை. பச்சையாய்ப் பிறந்தது அதன் குற்றமா? தண்ணீர் நிரப்பிய புட்டியில் இட்டு உணவறைச் சன்னலில் வைத்தோம். வேர் விட்டு, இப்போது கம்பி நெடுகப் படர்ந்திருக்கிறது. தாழ்வாரத்துக் கொடியும் அக்காமார் தந்த அதே பொன் வரிகளோடு புதிய இலைகள் விடுகிறது.

வலியதற்கு வேறோர் இடமும், எளியதற்கு வளர இடைவெளியும் தந்தால் இரண்டும் வாழும் என்பதை அந்தக் கொடியே எங்களுக்குக் கற்பித்தது. உங்கள் வீட்டுத் தொட்டியையும் இன்றே ஒருமுறை உற்று நோக்குங்கள், தோழியரே!