அசல், மாற்று

லண்டன், ஹாட்டன் கார்டன். தெருவின் இரு பக்கமும் வைரக் கடைகள். ஒரு கடையின் ஓரமாகக் குறுகிய மாடிப்படி. மேலே, பழைய கடிகாரங்களை வாங்கி விற்கும் அறை.

ஜன்னலோரம் மேசை. மார்பளவு உயரம். மேலே பச்சை ரப்பர் விரிப்பு. விரிப்பின் நடுவில் ஒரு கடிகாரம். ரோலக்ஸ் சப்மரைனர், மாடல் எண் 5513.

மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு பெரியவர். மழைக்கோட்டைக் கழற்றவில்லை. இடது மணிக்கட்டில் வெயில் படாத வெள்ளை வளையம். எதிரே ஓர் இளம்பெண். வலது கண்ணில் லென்ஸ், விரல் நுனிகளில் ரப்பர் உறை. கடைக்காரர் சுவரோரம் நிற்கிறார்.

பெண்ணின் கையருகே அச்சடித்த படிவம். பாகங்களின் பெயர்கள் வரிசையாக. எதிரே மூன்று கட்டங்கள்: அசல், மாற்று, ஐயம்.

செயினைப் பிடிக்கும் கேஸின் கொம்புகளில் பக்கவாட்டுத் துளைகள். ஊசி உள்ளே போகிறது. ஸ்பிரிங் பின் அமுங்குகிறது. செயின் கழல்கிறது. கொக்கியின் உள்பக்கம் 2 என்றும் 72 என்றும் முத்திரை. 1972, இரண்டாம் காலாண்டு. அவள் எழுதிக்கொள்கிறாள்.

செயின் மறைத்திருந்த இடத்தில் கறுப்பு அழுக்கு. கூர்சீவிய மரக்குச்சியால் சுரண்டுகிறாள். 12 மணிப் பக்கம் மாடல் எண் தெரிகிறது. 6 மணிப் பக்கம் வரிசை எண். உப்பு தின்ற குழிகள் இரண்டு இலக்கங்களுக்கு நடுவே. இலக்கங்களின் கோடுகள் சாய்த்துப் பார்க்கையில் மின்னுகின்றன. பட்டியலோடு ஒப்பிடுகிறாள். 1969.

கொம்புகளின் ஓரத்தை வெளிச்சத்தில் திருப்புகிறாள். கீறல்கள் ஏராளம். ஆனால் ஓரத்தில் சாய்வாகச் சீவிய கோடு அப்படியே இருக்கிறது. பாலிஷ் சக்கரம் அதிகம் தொடாத கேஸ். கடைக்காரர் சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வருகிறார்.

பின்மூடி திறக்கிறது. உள்ளே ரோமன் எண் இரண்டு, பக்கத்தில் 69. அசல் என்ற கட்டத்தில் ஒரு டிக்.

முத்திரையைச் சுற்றிலும் ஊசிமுனையால் கிறுக்கிய எழுத்துகள். பழுது பார்த்தவர்கள் விட்டுப்போன குறிப்புகள். 74. 79. 83. 90. 01. ஒவ்வொன்றும் வேறு கை. ஒன்று அழகாகச் சாய்ந்த எழுத்து. ஒன்று அவசரம். பெரியவர் குனிந்து பார்க்கிறார். 83-ஐ விரலால் காட்டுகிறார். தொடவில்லை.

மெஷின் 1520. பாலத்தில் எண் இருக்கிறது. டிக்.

கிரவுன், சாவி கொடுக்கும் திருகு. முனையில் ரோலக்ஸின் சின்னக் கிரீடம், அதன் கீழே மூன்று புள்ளிகள். மூன்று புள்ளிக் கிரவுன் வந்தது 1970-இல். மாற்று.

கண்ணாடி. அக்ரிலிக், கீறல் குறைவு, விளிம்பு கூர்மை. மாற்று. இதற்கு லென்ஸ்கூடத் தேவைப்படவில்லை.

“அறைக்குள்ளே தெறித்துவிட்டது” என்கிறார் பெரியவர்.

அபர்தீனிலிருந்து வடகடல் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போனவர். ஆழத்தில் வேலை செய்யும் முக்குளிப்பவர்கள் நாள்கணக்கில் அழுத்த அறையிலேயே வாழ்கிறார்கள். சுவாசிப்பது ஹீலியம் கலந்த காற்று. ஹீலியம் ரப்பர் வளையங்களைத் தாண்டிக் கடிகாரத்துக்குள் கசிகிறது. அறையின் அழுத்தத்தைக் குறைக்கும்போது அதே வேகத்தில் வெளியேற முடிவதில்லை. கண்ணாடி பிதுங்கித் தெறிக்கிறது. இதற்கென்றே வால்வு வைத்த ரோலக்ஸ் சீ-ட்வெல்லர் 1967-இல் உருவானது. 5513-இல் வால்வு கிடையாது. அறைக்குள் கிரவுனைத் திருகித் தளர்த்தி வைக்க வேண்டும். தூக்கத்தில் மறந்துபோகும்.

இப்போது டயல். கண்ணாடி கழன்ற கேஸ் கவிழாமல் தாங்கியில் நிற்கிறது. பெண் மூச்சைப் பக்கவாட்டில் விடுகிறாள். ஆழக் குறிப்பில் 200 மீட்டர் முன்னால், 660 அடி பின்னால். பின்னாளைய டயல்களில் அடி முன்னால் வந்துவிடும். 6 மணிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி, ‘ஸ்விஸ் - டி<25’. டி என்பது ஒளிப்பூச்சிலுள்ள ட்ரிட்டியம்.

மணிப் புள்ளிகள் நெய் நிறம். முட்கள் வெள்ளை.

ஜன்னல் திரையை இறக்குகிறாள். புற ஊதா டார்ச். புள்ளிகளும் முட்களும் சேர்ந்து பச்சையாகின்றன. டார்ச் அணைகிறது. புள்ளிகள் உடனே அணைகின்றன. முட்கள் மட்டும் அந்தரத்தில் நிற்கின்றன: பத்து மணி இருபது நிமிடம். யாரும் பேசவில்லை. முட்கள் எரிந்துகொண்டே இருக்கின்றன.

ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. 1969-இன் ஒளியில் இருபதில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. இந்த முட்கள் அந்தக் காலத்தவை அல்ல.

திரை ஏறுகிறது. ‘மாற்று, 01’ என்று எழுதுகிறாள். பேனா நகரும் சத்தம். கடைக்காரர் கைகளைக் கட்டிக்கொள்கிறார்.

பெரியவர் கோட்டின் உள்பையைத் துழாவுகிறார். ஒரு புகையிலை டப்பா. மூடியைச் சுற்றி ரப்பர் பேண்ட். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் மடித்த டிஷ்யூ. டிஷ்யூவுக்குள் மூன்று முட்கள்.

“பழையதைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன்.”

பெண் இடுக்கியை மாற்றுகிறாள். இதுவரை தொடாத, முனையில் பித்தளை வைத்த இடுக்கி. முதல் முள் வெள்ளைக் காகிதத்துக்கு வருகிறது. ஒளிப்பூச்சில் மயிரிழை விரிசல். ஓரத்தில் ஒரு துகள் உதிர்ந்திருக்கிறது. அந்தத் துகளையும் டிஷ்யூவில் தேடுகிறாள். கிடைக்கிறது.

காகிதத்தை டயல் பக்கம் நகர்த்துகிறாள். நெய் நிறம், நெய் நிறம்.

மறுபடி திரை. மறுபடி டார்ச். இம்முறை புள்ளிகளும் காகிதத்து முட்களும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைகின்றன. இருட்டில் ஒன்றுமே தெரியவில்லை. கடைக்காரர் முதன்முறையாகச் சிரிக்கும் சத்தம்.

திரை ஏறியதும் அவர் ஒரு தாளில் இரண்டு தொகைகள் எழுதுகிறார். முதலாவது இப்போதுள்ள முட்களோடு. இரண்டாவது டப்பாவிலுள்ள முட்களோடு. இரண்டாவது நன்றாகவே பெரியது. தாளைத் திருப்பிப் பெரியவர் பக்கம் தள்ளுகிறார்.

“அதில் இருட்டில் மணி பார்க்க முடியாதே” என்கிறார் பெரியவர்.

“முடியாது.”

பெரியவர் தலையாட்டுகிறார். தாளை விட்டுப் படிவத்தை எடுக்கிறார். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்கிறார். மேலிருந்து கீழாக விரல் இறங்குகிறது. கேஸ், அசல். பின்மூடி, அசல். டயல், அசல். கிரவுன், மாற்று. விரல் கண்ணாடியில் நிற்கிறது.

“இரண்டு தடவை.”

பெண் பேனாவின் மூடியைத் திறக்கிறாள். “எந்தெந்த வருடம்?”

“77-இல் ஒன்று.” பெரியவர் பின்மூடியைப் பார்க்கிறார். “இன்னொன்று அதில் இருக்கும். 83.”

அவள் இரண்டையும் எழுதுகிறாள். கடைக்காரர் வங்கி விவரம் கேட்கிறார்.