மூளை அலையும் ஒரு கழித்தல் கணக்கும்

1924-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். அதை அவர் வெளியிட்டதோ 1929-இல்தான்!

அந்த அலைகள் மைக்ரோவோல்ட் கணக்கில் அளக்கத்தக்க நுண்மையானவை. அதனினும் பெருந்தொல்லை மண்டையோடு. அது மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆகவே உள்ளே ஓரிடத்தில் எழும் துடிப்பு, ஈரத் தாளில் விழுந்த மைத்துளிபோலப் பரவி, வெளியே பல மின்முனைகளில் ஒருசேரத் தெரிகிறது.

என் தம்பிக்கு வலிப்பு நோய். பதிவுத் தாளை விரித்துப் பார்த்த டாக்டர், "இடப்பக்கம்தான், எந்த இடம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது" என்றார். அம்மாவுக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்குந்தான். சில வாரங்கள் நூலகமே கதியென்று கிடந்தேன்.

அங்கே கண்டதுதான் 1975-இல் ஸ்வீடன் நாட்டு ஹியோர்த் கூறிய முறை. ஒவ்வொரு முனையின் மின்னழுத்தத்திலிருந்தும், சுற்றியுள்ள நான்கு முனைகளின் சராசரியைக் கழிக்க வேண்டும். நடுவில் 60, சுற்றிலும் 50, 50, 40, 40 மைக்ரோவோல்ட் என்றால் மிஞ்சுவது 15. பொதுவாகப் பரவியது மறைகிறது. அவ்விடத்துக்கே உரியது நிற்கிறது. பள்ளிப் பிள்ளையின் கழித்தல்தான். ஆனால் இயற்பியல் வகுப்பில் நமக்கு வேப்பங்காயாகக் கசந்த லாப்லாஸ் அல்லவா இதற்குள் ஒளிந்திருக்கிறார்!

குறையும் உண்டு. ஆழத்தில் எழும் அலை அண்டை முனைகளில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரிவதால் அதுவும் கழிபட்டுப் போகும். ஓரத்து முனைகளுக்கு நாற்புறமும் அண்டை முனைகள் இல்லை. முனைகள் நெருங்கியிருந்தால்தான் கணக்குக்கு வலு.

தம்பிக்கு அடுத்த முறை 64 முனைகள் வைக்கப்போகிறார்களாம். பதிவை எண்களாகவே கேட்டு வாங்கிவர எண்ணியிருக்கிறேன். நம் கணிப்பொறிக் கூடம் ஒரு மாலை திறந்திருந்தால் போதும்.